பசை காயும் நேரம்

உக்குலேலே என்பது நான்கு தந்திகளைக் கொண்ட சிறு இசைக்கருவி. பார்வைக்குக் கித்தாரின் தம்பி போல இருக்கும். ஆரம்பப்பள்ளி மாணவரும் அதை எளிதாக அணைத்துப் பிடித்து வாசிக்கலாம். இன்று கடைகளில் நூறு ரிங்கிட்டுக்கும் குறைவான விலையில் ஒன்றை வாங்கிவிட முடியும். அப்படியிருந்தும், அலுவலக வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, பலகையை இழைத்து, வளைத்து, ஒட்டித் தங்கள் கையாலேயே உக்குலேலே செய்கிறவர்கள் உலகின் பல ஊர்களில் இருக்கிறார்கள். கடையில் அரை மணி நேரத்தில் வாங்கக்கூடியதைச் செய்து முடிக்க அவர்களுக்குப் பல மாதங்கள் ஆகின்றன. மரம், கருவிகள், பசை, தந்தி என்று கூட்டிப் பார்த்தால் செலவும் கூடுதல்தான். பணக் கணக்கில் இது நட்டம்.

பிறகு ஏன் செய்கிறார்கள்? வேலைக்கும் குடும்பத்திற்கும் போக மிஞ்சுகின்ற கொஞ்ச நேரத்தில் இது எப்படி முடிகிறது? இவற்றுக்கு விடை தேடுமுன் இந்தக் கருவி பிறந்த கதையை அறிந்துகொள்வது நல்லது. அது பேராக் மாநிலத்துத் தமிழருக்கு அந்நியமான கதையன்று. அதுவும் ஒரு தோட்டத்துக் கதைதான்.

கரும்புக் காட்டுக்கு வந்த தச்சர்கள்

1879ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் ‘ராவன்ஸ்கிராக்’ என்னும் கப்பல் ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்தது. அதில் நானூறுக்கும் மேற்பட்ட பயணிகள் இருந்தனர். அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள மதேரா என்னும் போர்த்துகீசியத் தீவிலிருந்து புறப்பட்டு, தென்னமெரிக்காவின் தென்முனையைச் சுற்றி, நான்கு மாதங்கள் கடலில் கிடந்து வந்தவர்கள் அவர்கள். 1870களில் திராட்சைக் கொடியின் வேரைத் தாக்கும் பூச்சி ஒன்று மதேராவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கியிருந்தது. பிழைப்புத் தேடியவர்களை ஹவாயின் கரும்புத் தோட்டங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக எடுத்துக்கொண்டன.

கரையைக் கண்ட மகிழ்ச்சியில் ஜோவாவ் பெர்னாண்டஸ் என்னும் பயணி, ‘மஷேட்’ எனப்படும் சிறு தந்திக் கருவியை மீட்டிப் பாடினாராம். அடுத்த சில நாள்களில், மதேராத் தீவினர் இரவுதோறும் தெருவில் இசை நிகழ்த்துகிறார்கள் என்று உள்ளூர்ச் செய்தித்தாளே எழுதியது.

அந்தக் கப்பலில் வந்தவர்களுள் மூவர் மரத்தச்சர்கள். மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்பன அவர்களின் பெயர்கள். அலமாரியும் நாற்காலியும் செய்து பழகிய அவர்களை ஒப்பந்தம் கரும்புக் காட்டுக்குக் கூட்டிச் சென்றது. ஆனாலும் அவர்கள் தொழிலை மறக்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டதும் ஹொனலூலுவுக்குத் திரும்பினார்கள். 1880களின் நடுப்பகுதியில் மூவருமே மரவேலைக் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள். வீட்டுத் தளவாடங்களோடு இசைக்கருவிகளும் அக்கடைகளில் உருவாயின. மஷேட்டின் சிறிய உடலையும் ‘ரஜாவ்’ என்னும் மற்றொரு கருவியின் சுருதி அமைப்பையும் சேர்த்து, ஹவாயில் வளரும் கோவா மரத்தில் அவர்கள் செய்ததே உக்குலேலே. அப்பெயருக்கு ஹவாய் மொழியில் ‘குதிக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள் கூறுவர். தந்திகளின் மேல் விரல்கள் தாவும் வேகத்தைப் பார்த்து வந்த பெயராக இருக்கலாம். ஹவாயின் கடைசி அரசி லிலியுஓகலானி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ‘இங்கு வந்து சேர்ந்த பரிசு’ என்பதே அவர் தந்த விளக்கம்.

அந்நாளைய மன்னர் காலாகௌவா இசையில் தேர்ந்தவர். அவர் உக்குலேலேயைத் தாமும் வாசித்தார்; அரண்மனை விருந்துகளிலும் ஒலிக்கச் செய்தார். கூலிகளோடு வந்த கருவி அரச மாளிகைக்குள் நுழைந்தது இவ்வாறுதான். இந்த மன்னர் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1881இல் உலகைச் சுற்றி வந்தபோது ஜொகூரில் மகாராஜா அபு பக்காரைச் சந்தித்தார். ஹவாய் மொழியிலும் மலாய் மொழியிலும் ஒத்து ஒலிக்கும் சொற்கள் இருப்பதை அறிந்து இருவரும் வியந்தனர்.

அதே காலத்தில் பேராக்கின் வடமேற்கில், கெரியான் வட்டாரத்திலும் கரும்பு விளைந்தது. அங்கும் ஒப்பந்தக் கூலிகள் வேலை செய்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள். கோலகங்சாரில் 1877இல் நடப்பட்ட சில இரப்பர் கன்றுகளைப் பெரிய பொருட்டாக அப்போது யாரும் நினைக்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகளில் கரும்பு மறைந்தது. பால்மரம் பேராக் முழுவதும் பரவியது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிக்கப்பட்டது. ஆனால், தோட்ட வாழ்க்கை அதன் பிறகும் இரண்டு மூன்று தலைமுறைகளுக்குத் தொடர்ந்தது.

விடியற்காலைப் பெரட்டில் எண்ணப்பட்டவை தலைகள்தாம். அங்கே நின்றவர்களில் தச்சு வேலை தெரிந்தவர் இருந்திருப்பார். தோல் கட்டத் தெரிந்தவர் இருந்திருப்பார். கூத்துக்குப் பாடத் தெரிந்தவரும் இருந்திருப்பார். அந்தத் திறமைகளுக்குக் கூலிப் புத்தகத்தில் இடமில்லை. அவை வெளிப்பட்டது மாலையிலும் திருவிழாக் காலத்திலும்தான். தோட்டத்துக் கோயிலில் முழங்கிய தப்பும் உறுமியும் எட்டு மணி நேர வேலைக்கு வெளியே காப்பாற்றப்பட்டவை. கையால் கருவி செய்வதைப் ‘பொழுதுபோக்கு’ என்று மட்டும் சொல்லி ஒதுக்கிவிடுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பலாவும் பால்மரமும்

ஹவாயில் கோவா கிடைத்தது. பேராக்கில் எந்த மரத்தைக் கொண்டு உக்குலேலே செய்யலாம்?

தமிழரிடம் இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது: பலா. வீணையின் குடமும் மிருதங்கத்தின் கட்டையும் தவிலின் கட்டையும் பலா மரத்தில் கடையப்படுகின்றன. பிலிப்பீன்சின் செபு தீவில் கித்தாரும் உக்குலேலேயும் செய்பவர்களும் நெடுங்காலமாகப் பலா மரத்தைப் பயன்படுத்தி வருகிறார்கள். முதிர்ந்த பலாவின் வைரம் மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட ஆண்டுக்கு ஆண்டு பழுப்பேறும். கரையான் அதை எளிதில் தொடாது. பேராக்கின் பழைய தோட்டங்களில் லயன் வீடுகளுக்குப் பின்னால் பலா இல்லாத இடம் குறைவு. தோட்டம் செம்பனைக்கு மாறி, வீடுகள் இடிக்கப்பட்டு, ஆள்கள் பட்டணத்துக்குப் போன பிறகும் இங்கு ஒரு குடியிருப்பு இருந்தது என்பதற்குப் பலாவும் மாவுமே பல இடங்களில் மிஞ்சி நிற்கும் சாட்சிகள்.

பால்மரத்தின் கதை வேறு. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரத்தை வெட்டி மறு நடவு செய்வார்கள். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே போயிற்று. இரப்பர்ப் பாளங்களை உலர்த்தும் புகைக்கூண்டில் எரிந்ததும் அந்த விறகுதான். வெட்டிய சில நாள்களிலேயே அதில் நீலப் பூஞ்சை படரும். சிறு வண்டுகள் துளைத்து மாவாக்கிவிடும். அதற்கு மருந்து ஏற்றிப் பதப்படுத்தும் முறை வளர்ந்த பிறகே, 1970களின் இறுதியிலிருந்து, மேசை நாற்காலி செய்யும் மரமாக அது மதிப்புப் பெற்றது. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வு நிறுவனத்தின் பங்கு இதில் பெரிது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களில் பெரும்பகுதி இரப்பர் மரத்தாலானது.

உக்குலேலேயின் மேற்பலகைக்கு இரப்பர் மரம் வழக்கமான தேர்வன்று. மேற்பலகை மெல்லியதாகவும் இலேசாகவும் இருந்தால்தான் நன்றாக அதிரும். ஆனால் கழுத்துக்கு அது பொருந்தும். தளவாடப் பட்டறையில் மிஞ்சும் துண்டுகளே ஒரு கழுத்துக்குப் போதும். உடல் பலாவிலும் கழுத்து பால்மரத்திலுமாக ஓர் உக்குலேலே செய்தால், அதில் ஒரு தோட்டத்தின் கொல்லைப்புறமும் வேலைக்காடும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

மரம் கிடைத்தாலும் உடனே வேலையைத் தொடங்க முடியாது. பச்சை மரம் உலர வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் உலர்ந்த மரமும் காற்றிலிருந்து மீண்டும் ஈரத்தை இழுக்கும். இழுத்தால் அகலவாட்டில் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மழைக்கால ஈரத்தோடு ஒட்டிய கருவியைக் குளிர்சாதன அறையில் ஒரு மாதம் வைத்தால் மேற்பலகை வெடிக்கக்கூடும். அதனால் அனுபவசாலிகள் சீவிய பலகைகளைக் குளிர்சாதன அறையில் சில வாரம் வைத்த பிறகே ஒட்டுகிறார்கள். படுக்கையறை அலமாரியின் மேல் பலாப் பலகைகளைக் காணும் வீட்டார் முதலில் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

நிறுத்தக்கூடிய வேலை, நிறுத்த முடியாத வேலை

ஈப்போவில் வரிசை வீடொன்றில் குடியிருக்கும் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவர் கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறார். மனைவி மருத்துவமனைத் தாதி. வாரத்துக்கு வாரம் வேலை முறை மாறும். மகள் படிவம் ஒன்றிலும் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு மூன்றிலும் பயில்கிறார்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய தாயாரும் உடன் இருக்கிறார். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தில், ஒரு பழைய மேசை. அதுதான் பட்டறை.

இவருக்கு ஒரு நாளில் கிடைப்பது என்ன? மாலை ஆறரைக்கு வீடு. சாப்பாடு, பிள்ளைகளின் வீட்டுப்பாடம், கூடுதல் வகுப்பு, அம்மாவின் மருந்து. எல்லாம் முடிந்தால் ஒன்பதரை. அதற்கு மேல் முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. சில நாள்களில் அதுவும் இல்லை.

முக்கால் மணி நேரத்தில் எந்தப் பெரிய மரவேலையையும் முடிக்க முடியாது என்றே முதலில் தோன்றும். ஆனால் உக்குலேலே செய்வதில் ஒரு வியப்பு உண்டு. அதன் பெரும்பகுதி காத்திருப்பு. மேற்பலகையின் அடியில் மெல்லிய தாங்குகட்டைகளை ஒட்ட வேண்டும். பசை தடவிக் கவ்விகளால் இறுக்குவதற்கு இருபது நிமிடம். அது முழு வலுவோடு பிடிக்க ஓர் இரவும் ஒரு பகலும் ஆகும். முழுநேரத் தொழிலாளிக்கு இந்தக் காத்திருப்பு ஓர் இடையூறு. அவர் ஒரே சமயத்தில் பத்துக் கருவிகளைத் தொடங்கி அதை நிரப்புவார். வேலைக்குப் போகிறவருக்கோ அது வசதி. அவர் அலுவலகத்தில் இருக்கும்போதும் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதும் பசை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

அதனால் இந்தப் பொழுதுபோக்கில் முதலில் கற்க வேண்டிய பாடம், எந்த வேலையை நடுவில் நிறுத்தலாம், எதை நிறுத்த முடியாது என்று பிரித்தறிவது. உளி பிடிப்பது அதற்கு அடுத்துத்தான்.

கழுத்தைச் செதுக்குவது நிறுத்தக்கூடிய வேலை. மகன் கூப்பிட்டால் அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். அரை மணி கழித்து வந்தாலும் மரம் அப்படியே இருக்கும். மணல்தாள் தேய்ப்பதும் அப்படியே. பக்கப் பலகையை வளைப்பது அப்படியன்று. இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்த பலகையை நீரில் நனைத்து, சூடேறிய இரும்புக் குழாயின் மேல் அழுத்த வேண்டும். ‘சுர்’ என்று ஆவி கிளம்பும். மரம் இளகி விரலுக்கு இணங்கும் கணம் ஒன்று வரும். அது சில நொடிகளே நிற்கும். அப்போது கதவு மணி அடித்தாலும் கைப்பேசி அழைத்தாலும் திரும்பக் கூடாது. திரும்பினால் பலகை முறியும், இல்லையேல் கருகும். பசை தடவிய பிறகும் அதே நிலைதான். ஐந்து பத்து நிமிடத்திற்குள் பலகைகளைப் பொருத்தி இறுக்கியாக வேண்டும். மனைவிக்கு இரவு வேலையும் மகளுக்கு மறுநாள் சோதனையும் இருக்கும் வாரத்தில் இந்த வேலைகளைத் தொடாமலிருப்பதே அறிவு. அந்த வாரம் கழுத்தைச் செதுக்கலாம்.

நேரத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய வேலைகள் அல்ல; “இன்னும் அஞ்சு நிமிஷம்” என்னும் சொல்தான். மெட்டுப்பலகையின் ஓரம் இன்னும் கொஞ்சம் நேராகலாம் என்று தோன்றும். ஐந்து நிமிடம் நாற்பது நிமிடமாகும். கதை கேட்கக் காத்திருந்த மகன் தூங்கிப்போயிருப்பான். மறுநாள் அந்த ஓரத்தைப் பார்த்தால் அவ்வளவு தேய்த்திருக்கத் தேவையில்லை என்றும் தெரியும். மரத்தில் செய்த பிழையைப் பெரும்பாலும் மறைத்துவிடலாம். ஒரு துண்டை வைத்து ஒட்டி நிறம் பூசினால் போதும். தூங்கிப்போன பிள்ளையிடம் அந்த உத்தி பலிக்காது. இந்தக் கணக்கை மறந்தவர்கள் அழகான கருவிகளைச் செய்திருக்கலாம். ஆனால் வீட்டில் அவற்றை யாரும் ஆசையாக எடுத்து வாசிப்பதில்லை.

வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று தூள். மணல்தாள் தேய்க்கையில் பறக்கும் நுண்தூள் மூக்கிலும் நுரையீரலிலும் படியும். உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாகவே வகைப்படுத்தியிருக்கிறது. முகக்கவசம் கட்டாயம். உலரும் துணிகளுக்கு அருகில் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இதற்கும் அந்த முக்கால் மணி நேரத்தில் பத்து நிமிடத்தை ஒதுக்க வேண்டும்.

17.817

இந்த வேலையில் குழந்தைகளை எதில் சேர்க்கலாம்? கூர்மையான உளியிலும் சூடான குழாயிலும் வேண்டாம். கணக்கில் சேர்க்கலாம்.

வீணையைப் போலவே உக்குலேலேக்கும் மெட்டுகள் உண்டு. வீணையின் மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்படுவதால் காதால் கேட்டுக் கேட்டுச் சரிசெய்யலாம். உக்குலேலேயில் மெல்லிய வாளால் பள்ளம் வெட்டி, உலோகத் துண்டை அடித்து இறக்குகிறார்கள். பிழை நேர்ந்தால் பலகையையே மாற்ற வேண்டும். எனவே இங்குக் கணக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். தந்தி அதிரும் நீளத்தை 17.817 என்னும் எண்ணால் வகுத்தால் முதல் மெட்டு எங்கே வரும் என்பது தெரியும். கான்சர்ட் எனப்படும் நடுத்தர அளவுக் கருவியின் தந்தி நீளம் 380 மில்லிமீட்டர் என்று கொள்வோம். 380ஐ வகுத்தால் 21.33. முதல் மெட்டு அங்கே வரும். மீதியுள்ள 358.67ஐ மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் 20.13, அது முதல் மெட்டிலிருந்து இரண்டாம் மெட்டுக்குள்ள தூரம். இப்படியே போனால் பன்னிரண்டாம் மெட்டு மிகச் சரியாக 190இல், பாதித் தூரத்தில், வந்து நிற்கும். அங்கே அழுத்தி மீட்டினால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். கணக்கில் எங்கோ பிழை இருந்தால் பன்னிரண்டாம் மெட்டே காட்டிக்கொடுத்துவிடும். படிவம் ஒன்றில் தசமம் படிக்கும் மகளுக்கு இதைவிடப் பயனுள்ள பயிற்சி கிடைப்பது அரிது. தந்தையின் கணக்கில் அவள் பிழை கண்டுபிடிக்கும் நாளும் வரும்.

பாட்டிக்கும் இதில் வேலை உண்டு. மேற்பலகையை எவ்வளவு மெல்லியதாக்குவது என்பதற்கு அளவுகோல் ஓரளவே உதவும். இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று புத்தகங்கள் கூறும். ஆனால் ஒரு பலாவைப் போல் இன்னொரு பலா இருக்காது. பலகையின் ஓரத்தை இரு விரலால் தூக்கிப் பிடித்து, காதருகே வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் ‘டொக்’ என்று அடங்கும். இழைக்க இழைக்க ஒலி நீளும். எங்கே நிறுத்துவது என்பது அனுபவம். முப்பது ஆண்டுகள் பால்மரத்தில் பட்டையைச் சீவியவருக்கு இது முற்றிலும் புதிதன்று. கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும். மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கையால் உணர்வது அவருடைய தொழிலாகவே இருந்தது. “போதும்பா, இதுக்கு மேல சீவாதே” என்று அவர் சொன்னால், இழைப்புளியைக் கீழே வைப்பது நல்லது.

கை கேட்கும் என்பதற்கு ஹவாயிலும் சான்று உண்டு. சாமுவேல் கமாகா என்பவர் நூனெஸிடம் கற்றவர். அவர் 1916இல் ஹொனலூலுவில் தம் வீட்டு நிலவறையில் உக்குலேலே செய்யத் தொடங்கினார். அன்னாசிப்பழ வடிவத்தில் முட்டை போன்ற உடலைக் கொண்ட உக்குலேலே அவர் உருவாக்கியது. அவருக்குப் பின் மகன்கள் தொடர்ந்தனர். இன்றும் அக்குடும்பத்தாரே அந்த நிறுவனத்தை நடத்துகிறார்கள். அங்குப் பல ஆண்டுகளாகக் காது கேளாதோர் பலர் பணிபுரிந்தனர். பலகையைத் தட்டி, விரல் நுனியில் உணரும் அதிர்வைக் கொண்டே அதன் கனம் சரியா என்று அவர்கள் கண்டறிந்தார்கள்.

மழை பெய்யாத மாலைகள்

உடலும் கழுத்தும் ஒன்று சேர்ந்த பிறகு மெருகு பூச வேண்டும். பலர் அரக்கை எரிசாராயத்தில் கரைத்து, பஞ்சுப் பொதியால் மெல்லிய படலமாகத் தடவுகிறார்கள். ஒரு முறை தடவ ஐந்து நிமிடம் போதும். இப்படி நாள்கணக்கில், படலத்தின் மேல் படலமாக ஏற்ற வேண்டும். இதுவும் முக்கால் மணி நேரக்காரருக்கு ஏற்ற வேலையே. ஒரு தடை மட்டும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். ஈப்போவில் பிற்பகல் மழைக்குக் குறைவில்லை. கிளேடாங் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் அன்று மெருகு இல்லை. பிள்ளைகளோடு கேரம் ஆடலாம்.

பிறகு குதிரையை ஒட்டுகிறார்கள். தலைப்பகுதியில் நான்கு பிரடைகளைப் பொருத்துகிறார்கள். முற்காலத்தில் ஆட்டுக் குடலில் முறுக்கிய தந்திகள் இருந்தன, இன்று நைலான். சில பொழுதுபோக்காளர்கள் மீன்பிடிக் கடையில் விற்கும் தூண்டில் நரம்பிலேயே தகுந்த பருமனைத் தேடிக் கட்டிக்கொள்கிறார்கள். அதன் ஒலி மோசமில்லை. கூடுதல் சிறப்பு, விலை மலிவு.

முதல் உக்குலேலேயில் குறைகள் கட்டாயம் இருக்கும். பக்கப் பலகையில் ஓரிடம் சற்றுக் கருகியிருக்கும். ஒட்டிய விளிம்பில் ஒரு மயிரிழை இடைவெளி தெரியும். நான்காம் மெட்டில் ஒரு தந்தி உரசி ‘ஜிர்’ என்று கேட்கும். அரத்தால் தட்டையாக்கிச் சரிசெய்ய இன்னும் இரண்டு இரவுகள் ஆகும். நூறு ரிங்கிட்டுக்கும் குறைவான கடைக் கருவி சில வகைகளில் இதைவிடச் செப்பமாகவே இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. கடைக் கருவியில் பன்னிரண்டாம் மெட்டு எங்கே வரும் என்று வீட்டில் யாரும் கணக்கிட்டதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

புதிய நைலான் தந்திகள் உடனே நிலைகொள்வதில்லை. சுருதி சேர்த்து வைத்தாலும் இரவுக்குள் நீண்டு இறங்கிவிடும். முதல் ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பிரடையைத் திருகி, ஜி, சி, இ, ஏ என்று நான்கையும் மீண்டும் மீண்டும் மேலே ஏற்ற வேண்டியிருக்கும். காலை ஆறேகாலுக்குப் பள்ளிப் பேருந்து வருவதற்குள், காலணியை மாட்டிக்கொண்டே மகள் அதைச் செய்வாள். மூன்றாவது தந்தி இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கிறது என்று சமையலறையிலிருந்து பாட்டி சொல்வார்.